ஆரக்கிள் காட்டி வாயடைக்காதீர்கள்

சனிக்கிழமை வெள்ளவத்தைக் கணினியியல் கூட்டத்தில் நடந்ததைப் பற்றிப் பலர் எழுதிவிட்டீர்கள். அந்தப் பிள்ளை கேட்டது ஒன்றுதான்: "பியும் என்பியும் வேறு என்று நிறுவ இப்போது யாராவது முயல்கிறார்களா?" (பி என்பது கணினி விரைவாகத் தீர்க்கக்கூடிய கணக்குகள். என்பி என்பது விடையைக் கொடுத்தால் சரியா என்று விரைவாகச் சரிபார்க்கக்கூடியவை. இரண்டும் ஒன்றா வேறா என்பது இன்னும் தீராத கேள்வி.) பேச்சாளரின் பதில்: "அது ஏலாது என்று 1975இலேயே ஆரக்கிள் வைத்துக் காட்டியாயிற்று. இருங்கோ தங்கச்சி." சபை சிரித்தது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அப்படி யாரும் காட்டவில்லை. 1975இல் பேக்கர், கில், சொலவே மூவரும் காட்டியது வேறு. கேட்ட கேள்விக்கு ஒரே படியில் விடை தரும் பெட்டிதான் ஆரக்கிள். ஒரு பெட்டியைக் கொடுத்தால் பியும் என்பியும் சமமாகும். இன்னொன்றைக் கொடுத்தால் வேறாகும். ஆகவே எந்தப் பெட்டியோடும் செல்லுபடியாகும் உத்திகளால் மட்டும் இது தீராது. எல்லை உத்திக்கு, கேள்விக்கு அல்ல.

இடைவினை நிறுவல்களைப் பாருங்கள். எதையும் கணிக்க வல்ல ஒருவர் ஒன்றை உண்மை என்பார்; சரிபார்ப்பவர் எழுமாற்றாகக் கேள்வி கேட்டு அவரைச் சோதிப்பார். இப்படிச் சரிபார்க்கக்கூடிய கணக்குகள்தான் ஐபி. "இல்லை" என்ற விடையை விரைவாகச் சரிபார்க்கக்கூடியவை கோ-என்பி. 1988இல் ஃபோர்ட்னோவும் சிப்சரும் கோ-என்பி ஐபிக்குள் அடங்காத ஓர் ஆரக்கிளைக் கட்டினார்கள். 1989 முடிவதற்குள் அதே ஃபோர்ட்னோ, லண்ட், கார்லோஃப், நிசானோடு சேர்ந்து, ஆரக்கிள் இல்லாத நிஜ உலகில் அது அடங்கும் என்று நிறுவினார். கையோடு ஷமீர், ஐபியும் பி-ஸ்பேஸும் (மிதமான நினைவகத்தில் தீர்க்கக்கூடிய கணக்குகள்) ஒன்றே என்று நிறுவினார். ஆரக்கிளைப் பார்த்து அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை!

எப்படி முடிந்தது? உண்மை (1), பொய் (0) மட்டும் ஏற்கும் பூலியன் சூத்திரத்தைப் பல்லுறுப்பியாக்கினார்கள். "இரண்டும் உண்மை" என்பது பெருக்கல். "இல்லை" என்பது 1−x. இப்போது x-க்கு 0, 1 மட்டுமல்ல, 17ஐயும் போடலாம். சரிபார்ப்பவர் எழுமாற்றாக ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கிறார். பொய்யான பல்லுறுப்பி உண்மையானதோடு மிகச் சில இடங்களில்தான் ஒத்துப்போகும். பொய்க்காரர் பெரும்பாலும் பிடிபடுவார். ஆரக்கிள் பெட்டிக்குள் சூத்திரம் இல்லை, 17 போட வழியும் இல்லை. அதனால்தான் அந்த 1988 முடிவு இதைத் தடுக்கவில்லை.

"2008இல் ஆரன்சனும் விக்டர்சனும் பி-என்பி கேள்விக்கு இந்த உத்தியும் போதாது என்றார்களே" என்று யாராவது வருவீர்கள். சரி, சொன்னார்கள். அதுவும் இன்ன கருவி போதாது என்பதுதான். ஏலாது என்று அவர்களும் சொல்லவில்லை.

"நேரம் போதவில்லை, பாவம் அவர்" என்கிறீர்கள். "நல்ல கேள்வி, பிறகு பேசுவோம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? நான் உயர்தரம் படித்த காலத்தில் டியூஷன் வகுப்பில் கை தூக்கினால் "பேப்பருக்கு வராது, இரு" என்பார்கள். கொஞ்ச நாளில் கை தூக்குவதையே விட்டுவிட்டேன். தமிழ் மொழியில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்தில் எழுந்து கேட்க எவ்வளவு துணிவு வேண்டும் என்று அங்கே சிரித்தவர்களுக்குத் தெரியாதா?

"அங்கேயே சொல்லியிருக்கலாமே" என்பவர்களுக்கு: எழுந்து நின்றேன். மைக்கை நன்றியுரைக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள்.