பட்டம் மட்டும் போதாது, ஆனால் பட்டத்தையும் கேளுங்கள்

ஆசிரியப் பணியை விட்டுத் தனியாக மனநல ஆலோசனை மையம் தொடங்கியவரைப் பற்றிய கட்டுரை பிடித்தது. "நான் தீர்வு சொல்வதில்லை, உடன் இருந்து கேட்கிறேன்" என்கிறார். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களில் தொடங்கி வளர்த்தெடுத்த வழி இது. வந்தவரை எடைபோடாமல் ஏற்பது, அவர் நிலையில் நின்று புரிந்துகொள்வது, ஆலோசகர் தன்னளவில் நடிக்காமல் இருப்பது. கேட்க எளிதாகத் தெரியும். ஆனால் நம் ஊரில் அழுகிறவர் எதிரே உட்கார்ந்ததும் முதலில் வாயில் வருவது புத்திமதிதான். அதை அடக்கப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சியை எங்கே பெற்றார் என்று கட்டுரை சொல்லவில்லை. இது எனக்குக் குறையாகவே படுகிறது. இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநலச் சிக்கல்களைக் கண்டறிந்து சிகிச்சை தரும் உளவியலாளர், என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (RCI) பதிவு இருக்க வேண்டும். 'கவுன்சலர்' என்று பலகை மாட்டுவதற்கோ, சில வாரச் சான்றிதழ் வகுப்பு முடித்தவர்கூடத் துணிகிறார். எனவே என்ன படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே தயங்காமல் கேட்கலாம். நல்ல ஆலோசகர் கோபப்பட மாட்டார்.

மருந்து தேவைப்படும் நிலை என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புவாரா என்பதையும் கேளுங்கள். மருந்து எழுதும் அதிகாரம் ஆலோசகருக்குக் கிடையாது. அப்புறம் கட்டணம். தனியார் அமர்வுக்கு வசதி இல்லாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும்.