கேமராவின் பெயரில் ஒரு பட்டம்: யாருக்கு, எதற்கு?

புகைப்படக்கலையிலோ வீடியோ தொழில்நுட்பத்திலோ பட்டப்படிப்பு படிக்கலாமா என்ற கேள்வி, பள்ளியிறுதித் தேர்வு முடிவுகள் வெளியாகும் பருவத்தில் என்னிடம் தவறாமல் வந்துவிடுகிறது. கேட்பவர் மாணவராக இருந்தால் "ஆர்வம் நிறைய இருக்கிறது, அது போதுமா?" என்கிறார், பெற்றோராக இருந்தால் "படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?" என்கிறார். இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டதால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன். கேமராவை இயக்கப் பழகுவதற்காக மூன்று, நான்கு ஆண்டுகளைக் கல்லூரியில் செலவிடுவது இன்றைய நிலையில் நியாயமான முடிவு ஆகாது என்பது என் கருத்து. ஆனால் ஒளி, நிறம், சமிக்ஞை, கோப்பு ஆகிய நான்கும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அளந்து அறியக் கற்றுத்தரும் படிப்பு கிடைக்குமானால், அதற்குக் கொடுக்கும் ஆண்டுகள் வீண்போகா.

கேமராவை இயக்குவது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதியை இப்போது கேமராவே செய்துகொள்கிறது. கண்ணை அடையாளம் கண்டு ஃபோகஸைப் பிடிப்பதும், கை நடுக்கத்தைச் சமன் செய்வதும், வெளிச்சத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷரை மாற்றுவதும் இன்றைய கருவிகளில் சாதாரண வசதிகள். மீதமுள்ள அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் வேகம் (ஒளி விழும் நேரம்), ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர் அளவு) ஆகிய மூன்றுக்கும் இடையிலான கணக்கை அக்கறையுள்ள ஒருவர் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். இணையத்தில் நல்ல பாடங்களுக்குப் பஞ்சமும் இல்லை. இதையே முதல் இரண்டு ஆண்டுகளின் பாடத்திட்டமாக நீட்டி வைத்திருக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

கருவி மாறும்போது எது நிலைத்தது என்பதை இந்தத் துறையின் வரலாறே காட்டுகிறது. புகைப்படத் தகட்டின் மீது விழும் ஒளிக்கும் அதில் உண்டாகும் கருமைக்கும் உள்ள உறவை ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வளைகோடாக வரைந்து 1890-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பின், கோடாக் நிறுவனம் திரைப்பட ஃபிலிமைக் கணினிக்குள் கொண்டுவரச் சினியான் என்ற முறையை உருவாக்கியபோது, ஃபிலிமில் உண்டாகும் அதே கருமையின் அளவைத்தான் எண்களாக எழுதி வைத்தது. இன்று டிஜிட்டல் சினிமா கேமராக்களில் நாம் தேர்ந்தெடுக்கும், நிழலிலும் வெளிச்சத்திலும் உள்ள விவரங்களை மங்கலான படமாக அடக்கி வைக்கும் 'லாக்' பதிவு முறைகள் அந்த வழியில் வந்தவையே. ஃபிலிம் கழுவும் இருட்டறையில் அந்த வளைகோட்டைப் புரிந்து படித்தவருக்கு, லாக் படத்தில் எந்த நிழல் மீளும், எந்த வெளிச்சம் மீளாது என்று சொல்வது புதிய வித்தையாக இருக்கவில்லை. ரசாயனத்தை எத்தனை நிமிடம் கலக்க வேண்டும் என்பதை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கோ, இருட்டறையோடு அவருடைய படிப்பும் முடிந்துபோயிற்று. முதல் கையடக்க டிஜிட்டல் கேமராவை 1975-இல் தன் ஆய்வகத்திலேயே உருவாக்கிப் பார்த்த கோடாக் நிறுவனமே 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோர நேர்ந்தது என்னும்போது, தனிமனிதர் ஒருவர் ஒரே கருவியை நம்பித் தொழிலைக் கட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வேலை கேட்டு வருகிறவர்களின் ஷோரீலை, அதாவது அவர்கள் எடுத்தவற்றில் சிறந்தவற்றின் தொகுப்பைப் பார்ப்பதற்கு முன்னால் நான் செய்யும் ஒரு சிறு சோதனை உண்டு. ஒரு மெமரி கார்டையும் இரண்டு ஹார்டு டிஸ்குகளையும் மேசையில் வைத்து, "இது இன்று முழுவதும் எடுத்த ஃபுட்டேஜ். கார்டை மறுபடி கேமராவுக்கு அனுப்ப வேண்டும், என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். பெரும்பாலோர் கோப்புறையை இழுத்து ஒட்டிவிட்டு, கணினி 'முடிந்தது' என்று காட்டியதும் கார்டைத் திருப்பித் தருவார்கள். வெகு சிலர் மட்டும், கார்டின் கோப்புறை அமைப்பைக் கலைக்காமல் அப்படியே இரண்டு டிஸ்குகளிலும் நகலெடுத்து, மூலமும் நகலும் ஒன்றுதானா என்பதைச் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டு உறுதி செய்து, ஓரிரு கிளிப்புகளை முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே கார்டைத் திருப்பித் தருவார்கள். அழகான படம் எடுக்கத் தெரிந்தவர் பத்துப் பேர் கிடைப்பார்கள். ஒரு நாள் படப்பிடிப்பை நம்பி ஒப்படைக்கக்கூடியவர் அந்தப் பத்தில் ஒருவரோ இருவரோதான். படப்பிடிப்புத் தளத்தில் டி.ஐ.டி. (டிஜிட்டல் இமேஜிங் டெக்னீஷியன்) என்று அழைக்கப்படும் வேலைக்கு அடிப்படைத் தகுதியே இந்த ஒழுங்குதான். பல பாடத்திட்டங்களில் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இன்னொரு எடுத்துக்காட்டும் சொல்லலாம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வரும் இடத்தில் சாதாரண விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. அங்கே ஷட்டரை 1/60-இல் வைத்துப் பதிவு செய்தால், கண்ணுக்குத் தெரியாத அந்த ஏற்ற இறக்கம் படத்தில் நகரும் கோடுகளாகத் தெரியும். 1/50-க்கோ 1/100-க்கோ மாற்றினால் மறைந்துவிடும். மின்சாரம் 60 ஹெர்ட்ஸில் உள்ள நாடுகளில் இந்தக் கணக்கு 1/60, 1/120 என்று மாறும். இதை வெறும் எண்ணாக மனப்பாடம் செய்தவர், வேறு அதிர்வெண்ணில் துடிக்கும் எல்.இ.டி. பலகை ஒன்றின் முன்னால் நின்றதும் திகைத்துப்போவார். ஏன் என்று தெரிந்தவர் அரை நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். பட்டத்துக்கு மதிப்பு ஏதேனும் உண்டென்றால், அது இந்த 'ஏன்' என்பதைப் பொறுமையாகச் சொல்லித்தர நேரமும் ஆய்வகமும் ஆசிரியரும் ஓரிடத்தில் கிடைப்பதில்தான் இருக்கிறது.

இனி வேலைவாய்ப்புக்கு வருகிறேன். இதில் இனிப்பாகப் பேச எனக்கு விருப்பமில்லை. செய்தி நிறுவனங்களில் மாதச் சம்பளத்தில் இருக்கும் புகைப்படக்காரர் என்ற பதவி சுருங்கிக்கொண்டே வருகிறது. 2013 மே மாதத்தில் அமெரிக்காவின் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழ் தன் புகைப்படப் பிரிவு முழுவதையும் ஒரே நாளில் கலைத்து, செய்தியாளர்களுக்கு ஐஃபோனில் படம் எடுக்கப் பயிற்சி கொடுத்தது. வேலை இழந்தவர்களில் புலிட்சர் பரிசு பெற்றவரும் ஒருவர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2008-இல், கேனன் 5டி மார்க் 2 கேமரா முழு ஹெச்.டி. வீடியோவையும் பதிவு செய்யத் தொடங்கியதிலிருந்தே, புகைப்படம் தனி, வீடியோ தனி என்றிருந்த வேலி சரிந்துவிட்டது. இன்று இரண்டில் ஒன்றை மட்டும் கற்றுத்தரும் பட்டம் பாதிப் படிப்புதான். திருமணம், உருவப்படம், ஃபேஷன் ஆகியவற்றில் ஈடுபட விரும்புகிறவர்களுக்கு என் யோசனை வேறு: நல்ல ஒருவரிடம் உதவியாளராகச் சேருங்கள். மனிதர்களைப் பதற்றமில்லாமல் நிற்க வைப்பதையும், வாடிக்கையாளரிடம் விலை பேசுவதையும், சொன்ன நாளில் ஆல்பத்தைக் கொடுப்பதையும் வகுப்பறையில் கற்க இயலாது.

ஆனால் யாரும் கவனிக்காத மூலைகளில், படித்தவர்களுக்கு என்றே காத்திருக்கும் வேலைகள் உள்ளன. கண் மருத்துவமனைகளில் விழித்திரையைப் படமெடுப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரசின் ஆஞ்சியோகிராஃபி என்ற சோதனையில் நோயாளியின் கையிலுள்ள இரத்தக் குழாயில் ஒரு சாயத்தைச் செலுத்துவார்கள். பெரும்பாலும் 10 முதல் 15 விநாடிகளில் அது விழித்திரை இரத்த நாளங்களை எட்டிவிடும். நீல ஒளி பட்டால் அந்தச் சாயம் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் ஒளிரும். படமெடுப்பவர் ஒரு வடிகட்டியால் நீலத்தை மட்டும் உள்ளே அனுப்பி, இன்னொரு வடிகட்டியால் ஒளிர்வை மட்டும் திரும்பப் பெற்று, நாளங்கள் நிரம்பும் அந்தச் சில விநாடிகளைத் தொடர் படங்களாகப் பிடிக்க வேண்டும். தவறவிட்டால் அந்த ஆரம்பக் கட்டம் போனதுதான், நோயாளியை மறுபடி அழைக்க வேண்டியிருக்கும். இந்த வேலைக்கு ஒளியியலும் வேண்டும், கொஞ்சம் உடற்கூறும் வேண்டும், பயந்திருக்கும் மனிதரை அசையாமல் உட்கார வைக்கும் கனிவும் வேண்டும். அமெரிக்காவின் ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கழகம் போன்ற சில நிறுவனங்கள் மருத்துவப் படமெடுப்பைத் தனிப் படிப்பாகவே நடத்திவந்துள்ளன.

தடயவியல் புகைப்படமும் அப்படிப்பட்டதே. மண்ணில் பதிந்த காலணித் தடத்தைப் படமெடுப்பவர் கேமராவைத் தரைக்கு இணையாக நிறுத்தி, பக்கத்தில் அளவுகோலை வைத்து, விளக்கைத் தாழ்வாகப் பிடித்துப் பல திசைகளிலிருந்தும் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறார். அந்தப் படத்தில் அழகுக்கு இடமே இல்லை. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு நின்று பிடிக்குமா என்பது ஒன்றே கணக்கு. அருங்காட்சியகங்களில் ஓவியங்களையும் சுவடிகளையும் நிறம் பிசகாமல் ஆவணப்படுத்துவது, தொழிற்சாலைகளில் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் நடப்பதை அதிவேகக் கேமராவில் பிடித்து ஆராய்வது எல்லாம் இந்த வகையில் அடங்கும். எண்ணிக்கையில் இவை குறைவு. ஆனால் இவற்றுக்குப் போட்டியிடுகிறவர்களும் குறைவு, பட்டம் கேட்கிறார்கள், மாதச் சம்பளம் உண்டு.

ஒளிபரப்புத் துறையில் நிகழ்ந்துள்ள மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். படத்தையும் ஒலியையும் அதற்கென்றே உள்ள கேபிள்களில் அனுப்பிய காலம் மாறி, கணினி வலையமைப்பிலேயே தரவாக அனுப்பும் காலம் வந்துவிட்டது, அதற்கான எஸ்.எம்.பி.டி.இ. 2110 என்ற தொழில்நுட்பத் தரநிலை 2017-இல் வெளியானது. ஆகவே வீடியோவும் வலையமைப்பும் சேர்ந்து தெரிந்த பொறியாளர்களுக்கு ஒளிபரப்பு நிலையங்களிலும் விளையாட்டு நேரலைகளிலும் தேவை இருக்கிறது. படத்தின் நிறங்களைச் சீர்செய்யும் கலரிஸ்ட் வேலையைப் பொறுத்தவரை, ஒரு காலத்தில் தனி அறையும் விலையுயர்ந்த இயந்திரமும் கேட்ட டாவின்சி மென்பொருளின் இலவசப் பதிப்பு 2011 முதலே கிடைக்கிறது. மென்பொருளை வைத்திருப்பது தகுதியாக இருந்த நிலை அத்துடன் மாறி, கண்ணும் அளவீட்டு அறிவும் தகுதியாகிவிட்டன.

திரைப்படத்துறையைக் கனவாகக் கொண்டவர்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பட்டம் பெற்றவரும் அங்கே ஒளிப்பதிவாளராக நுழைவதில்லை; உதவியாளராக நுழைகிறார், லென்ஸ் பெட்டியைத் தூக்குகிறார், ஃபோகஸைச் சரிசெய்யும் ஃபோகஸ் புல்லருக்கு அளவு நாடா பிடிக்கிறார். வேலை படத்துக்குப் படம் மாறும், இடைவெளிகளில் வருமானம் இருக்காது. திரைப்படக் கல்லூரி தரும் பெரிய நன்மை, கூடப் படித்தவர்களே. அந்த வகுப்பிலிருந்து இயக்குநராகப் போகிறவர்தான் ஒளிப்பதிவுக்குப் படித்தவரைப் பின்னாளில் கூப்பிடுவார். இதைக் கல்லூரிகளின் விளம்பரக் கையேடுகள் சொல்வதில்லை என்றாலும் நடைமுறையில் அப்படித்தான் நடக்கிறது. எனவே பெரிய கடனை வாங்கி இந்தப் படிப்பில் சேருவதை நான் எதிர்க்கிறேன். தவணை மாதந்தோறும் வரும். சம்பளம் அப்படி வராது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்காதவர் இப்போது இல்லை. 2023-இல் சோனி உலகப் புகைப்பட விருதுகளில் ஒரு பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சன், தன் படம் செயற்கை நுண்ணறிவால் உருவானது என்று தாமே அறிவித்துப் பரிசை மறுத்தார். நடுவர்களின் கண்ணையே அது கடந்து வந்திருந்தது. விளம்பரங்களுக்கும் இணையதளங்களுக்கும் பொதுவான படங்களை எடுத்து விற்றுப் பிழைத்தவர்களுக்கு இது நேரடியான அடி, அதில் ஐயமில்லை. மறுபுறம், ஒரு படம் உண்மையில் எங்கே, எப்போது, எந்தக் கேமராவில் எடுக்கப்பட்டது என்று நிரூபிக்க வேண்டிய தேவை கூடியிருக்கிறது. படத்தின் பிறப்பையும் திருத்தங்களையும் கோப்பிலேயே கையொப்பமிட்டுப் பதியும் சி2பிஏ என்ற தரம் உருவாகி, அதே 2023-இல் லைக்கா எம்11-பி கேமராவிலேயே அது சேர்க்கப்பட்டுவிட்டது. செய்தி, நீதி, மருத்துவம், காப்பீடு ஆகிய இடங்களில் உருவாக்கிய படத்துக்கு வேலையில்லை, எடுத்த படமே வேண்டும். அவ்வளவு தூரம் யோசித்துப் பாடத்திட்டத்தைத் திருத்தியிருக்கும் கல்லூரி எது என்பதை விசாரித்துப் பாருங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரை மட்டும் நம்ப வேண்டாம். கலிஃபோர்னியாவில் 1945-இல் தொடங்கிப் புகைப்படக் கல்விக்கு ஒரு முத்திரையாகவே விளங்கிய புரூக்ஸ் கல்வி நிறுவனம் 2016-இல் மூடப்பட்டது. காட்சிக்கு வைத்திருக்கும் புதிய கேமராவைப் பார்த்து மயங்குவதைவிட, ஆய்வகம் வகுப்பு நேரத்துக்குப் பின்னும் மாணவருக்குத் திறந்திருக்குமா, ஒரு மாணவர் ஒரு பருவத்தில் எத்தனை படைப்புகளை முடித்துத் திறனாய்வுக்கு வைக்கிறார், பாடம் எடுப்பவர்கள் இப்போதும் தொழிலில் இருக்கிறார்களா, கடந்த சில ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம். ஒப்பந்தம், பதிப்புரிமை, விலைப்பட்டியல் எழுதுதல் ஆகியவை பாடமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கலைஞர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும் முன் இன்னொன்றையும் படித்துவிட வேண்டும். சில கல்லூரிகள், தங்கள் கருவிகளைக் கொண்டு மாணவர் எடுக்கும் படங்களின் பதிப்புரிமையைத் தமக்கே வைத்துக்கொள்கின்றன. அப்படி இருந்தால், அந்தப் படைப்புகளை உங்கள் ஷோரீலில் சேர்க்கவும், விழாக்களுக்கு அனுப்பவும், இணையத்தில் வைக்கவும் அனுமதி உண்டு என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும்போது உங்களிடம் கேட்கப்படுவது அந்தப் படைப்புகள்தான்.