மீளேன் என்றவர் மீண்ட ஊர்

வேலை போய், வளைகுடாவிலிருந்து இரண்டு பெட்டிகளோடு ஊர் திரும்பியபோது எனக்கு வயது 49. பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள்: "எல்லாம் அவன் சித்தம், ஏற்றுக்கொள்." வாயைப் பொத்தியது போல இருந்தது. சாமி கும்பிடுகிறவனுக்கு அழவும் உரிமை கிடையாதா?

எனக்குத் துணைக்கு வந்தவர் தேவாரம் பாடிய அப்பர் பெருமான். திசை மாறுவது அவருக்குப் புதிதல்ல. திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்து, சமணத்தில் தருமசேனராகி, சூலை என்னும் கொடிய வயிற்று நோயோடு திருவதிகைக்குத் தமக்கை திலகவதியாரிடம் வந்து நாவுக்கரசரானவர். அதைவிட என்னை உலுக்கியது, முதுமையில் சிவனைக் காண அவர் போன கயிலைப் பயணம்.

காசியையும் தாண்டிப் போகிறார். பாதம் தேய்கிறது, கைகளை ஊன்றித் தவழ்கிறார். கைகளும் தேய்கின்றன, மார்பால் நகர்கிறார். பிறகு புரள்கிறார். முனிவர் வேடத்தில் இறைவனே வந்து, மனிதர்க்கு எட்டாத மலை, திரும்பிப் போ என்கிறார். "மாளும் இவ்வுடல் கொண்டு மீளேன்" என்று மறுக்கிறார் அப்பர்.

இந்த இடத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேனோ! இதைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழார் அந்த மறுப்பைக் குறையாகச் சொல்லவில்லை. சிவனும் சினக்கவில்லை. தேய்ந்த உடம்பைத் தேற்றி, இந்தப் பொய்கையில் மூழ்கு, திருவையாற்றில் கயிலையைக் காண்பாய் என்கிறார். ஆசையை விடச் சொல்லவில்லை, வழியைத்தான் மாற்றினார். ஆகவே, அடிபட்டு வந்தவனிடம் முதல் நாளே "ஏற்றுக்கொள்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவன் 'மீளேன்' என்று சொல்லி முடிக்கட்டும். அதுவும் பக்திதான்.

அந்தப் பொய்கையில் மூழ்கி ஐயாற்றில் எழுந்தவர் முதலில் எதைப் பார்த்தார்? பிடியோடு வரும் களிறு. பெடையோடு வரும் கோழி. குயில், மயில், நாரை, கிளி. நாம் அன்றாடம் பார்த்தும் பார்க்காமல் போகிறவை, அவர் கண்ணுக்குச் சிவனும் சக்தியுமாகத் தெரிந்தன. பாட்டுக்குப் பாட்டு "கண்டறியாதன கண்டேன்" என்கிறார்.

ஆடி அமாவாசையன்று அங்கே அப்பர் கயிலைக் காட்சி விழா. ஊர் திரும்பிய ஆண்டு தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். காவிரியில், புஷ்ய மண்டபத் துறையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, மாலையில் ஐயாறப்பர் கோயில் கூட்டத்தில் நின்றேன். ஓதுவார் "மாதர்ப் பிறைக்கண்ணியானை" என்று அப்பரின் அந்தப் பாட்டை எடுத்தபோது, அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் வந்துவிட்டது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது உரக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் குறைவு, பழைய வேலையின் நினைப்பு இன்னும் வலிக்கிறது. ஆனால் அம்மாவுக்கு இடது காது கேட்காது என்பது, வந்து பல நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. 22 ஆண்டுகள் வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் பேசியவன் நான். போனை எப்போதும் வலது காதில் வைத்துக்கொள்வாராம். இப்போதெல்லாம் சாப்பிடும்போது அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்துகொள்கிறேன்.