மாமாவின் ஹெரால்டு எங்கே போனது?

போன மாதம் மாமா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே கிரீஸ் காய்ந்துபோன இரண்டு கார்பரேட்டர் ஜெட், ஒரு ஸ்பார்க் பிளக், சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் நடந்த கார் பந்தயத்துக்குப் போன நுழைவுச் சீட்டு ஒன்று. சீட்டில் வருடம் அழிந்துவிட்டது. மாமா இருந்திருந்தால் பார்த்தவுடனே சொல்லியிருப்பார்.

சத்துவாச்சாரியில் பெங்களூர் ரோட்டு ஓரமாக அவருக்கு ஒரு தகரக் கொட்டகைப் பட்டறை. பெங்களூர்க்காரர்கள் சோழவரத்துக்குப் பந்தயக் காரை எங்கள் வேலூர் வழியாகக் கொண்டுபோவார்கள். சிலர் லாரியில் ஏற்றிப் போவார்கள், சிலர் ஓட்டிக்கொண்டே போவார்கள். வண்டி வழியில் மக்கர் பண்ணினால் மாமா பட்டறைதான். ராத்திரி முழுக்க இஞ்சினைப் பிரித்து மாட்டிவிட்டு, விடிந்ததும் அதே வண்டியில் அவரும் ஏறிப் போய்விடுவார் என்று அத்தை இன்றைக்கும் சொல்வார்.

சோழவரம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரை ஓட்டியதும் அங்கேதான். ஆனால் அந்தக் களத்துக்கு உயிர் கொடுத்தவை ஃபியட், ஹெரால்டு என்ற சாதாரணக் கார்கள்தான். ஃபியட்டில் பாடியும் அடிச்சட்டமும் ஒன்றாக இருக்கும். ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் சேஸ் என்கிற அடிச்சட்டம் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றி பாடியைத் தூக்கிவிட்டு, அதே சேஸின் மேல் நமக்கு வேண்டிய உருவத்தைக் கட்டிக்கொள்ளலாம். மாமாவும் அப்படி ஒன்று கட்டினார். இஞ்சினுக்குச் சக்தி கூட ஹெட்டை அரைத்துக் கம்ப்ரஷனை ஏற்றினார், தகரத்தைத் தானே தட்டி மூக்கு செய்தார்.

கார் பந்தய வீரர் கரிவரதனைப் பற்றி எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும். கோயம்புத்தூரில் உட்கார்ந்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கியவர் அவர். 1995-ல் சிறு விமானம் விழுந்து இறந்தார். அந்த வகைக் காரில் பந்தயத்தைத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்கே போனார். இந்தச் சங்கிலி நமக்குத் தெரிகிறது. அதற்கு முன்னால் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஓடிய கார்கள்? அவற்றைக் கட்டிய கைகள்? அங்கேதான் எல்லாம் அறுந்து கிடக்கிறது.

இங்கிலாந்தில் ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று ஒரு பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் பந்தயக் கார். 1929, 1930 இரண்டு வருடமும் பிரான்சில் நடக்கும் லெ மான் பந்தயத்தில் முதலிடம். 1932-ல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் கவிழ்ந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்தார். பிறகு திருப்பிக் கட்டினார்கள். இஞ்சின் மாறியது, பாடி மாறியது. 1990-ல் ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசியபோது, இது அந்தக் கார்தானா என்று வழக்கு வந்தது. பழைய பாகம் மிகக் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. ஆனாலும் லண்டன் நீதிமன்றம் அதே கார்தான் என்றது. காரணம், அதன் கதை நடுவில் எங்கேயும் அறுபடவில்லை. எந்த வருடம் என்ன மாறியது என்று வரிசையாகச் சொல்ல முடிந்தது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமாவின் ஹெரால்டு காயலான் கடைக்கு எடைக்குப் போனது. ஆர்.சி. புக்கும் அதோடு போயிற்று. சேஸ் நம்பர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒருவேளை அந்த சேஸ் இன்னும் எங்காவது ஒரு கொட்டகையில் கிடந்தாலும், இதுதான் அது என்று எதை வைத்துச் சொல்வேன்?

பழைய கார்களுக்கு மினுமினுக்கப் பெயின்ட் அடித்து ஊர்வலம் விடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. எழுபது, எண்பது வயது மெக்கானிக்குகள் காட்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் ஆற்காட்டிலும் இன்னும் இருக்கிறார்கள். யார் கார், எந்த வருடம், எந்த இஞ்சினின் சிலிண்டரை யார் கடைந்து பெரிதாக்கினார், அப்புறம் அது யார் கைக்குப் போனது என்று அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். சேஸ் நம்பர் கிடைத்தால் அதை முதல் வரியில் எழுத வேண்டும். டிரைவர் பெயருக்குப் பக்கத்திலேயே மெக்கானிக் பெயரும் வரவேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரண்டு ஞாயிறாக நான் நோட்டோடு சுற்றுகிறேன். இதுவரை நான்கு பக்கம் நிரம்பியிருக்கிறது. உங்கள் அப்பா, பெரியப்பா யாராவது அந்தக் காலத்தில் சோழவரம் போயிருந்தால் ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். மாமாவின் கார் வெளிர் மஞ்சள், இடது கதவில் கையால் எழுதிய 17. கூட்டத்துக்குப் பின்னால் பாதி மறைந்து தெரிந்தாலும் அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள்.