கொடியைக் 'கெரடி' என்று படித்த பையன்

நான்காம் வகுப்புக்கு வந்த ஒரு பையன் 'கொடி' என்ற சொல்லைக் 'கெரடி' என்று படித்தான். வகுப்பே சிரித்தது. எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. துணைக்கால் அவன் கண்ணுக்கு 'ர' என்றே தெரிந்திருக்கிறது. முதலில் 'கெ', அடுத்து 'ர', பிறகு 'டி'. தனக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் படித்திருக்கிறான். மூன்று வருடமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் காது கொடுக்கவில்லை.

மதிய உணவு முடிந்ததும் தினமும் கால் மணி நேரம். அவனைப் போல இன்னும் மூன்று பேர். தரையில் வட்டமாக உட்கார்ந்து கா, கெ, கொ என்று எழுத்து எழுதிய சின்ன அட்டைகளை, அதாவது மின்னட்டைகளை, மாற்றி மாற்றி வைத்தோம். ஒரு மாதத்தில், பஸ் பலகையில் 'கோயம்பேடு' என்று தானே படித்ததாக ஓடிவந்து சொன்னான்.

2022 ஜூனில் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது நான் மகிழ்ந்தது இதனால்தான். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை வயதைப் பார்க்காமல் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். மறு ஆண்டே நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. எல்லோருக்கும் ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்துவதைவிட இது ஆயிரம் மடங்கு நியாயம்.

ஆனால் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "டீச்சர், என் பிள்ளை இன்னும் அரும்புலதானா?" அந்தக் குரலை மறக்க முடியவில்லை. குழு என்பது பிள்ளை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டிய இடம். அரும்பில் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் அப்படியே இருந்தால், நாம் சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும். அப்போதும் நகரவில்லை என்றால் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும், கற்றலில் தடையுள்ள பிள்ளைகளுக்கு உதவ வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரை அழைக்க வேண்டும். கரும்பலகையே தெரியாத பிள்ளையை 'மந்தம்' என்று ஒதுக்கிய கொடுமையை நான் பார்த்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போது 'மெல்லக் கற்போர்' என்று பட்டியல் எடுத்து, மாலை ஆறு மணி வரை உட்காரவைத்து வினா விடையை மனப்பாடம் செய்யவைக்கிறோம். எட்டு வருடத்துக்கு முன் கால் மணி நேரம் கொடுத்திருந்தால் அந்தப் பட்டியலில் பாதிப் பெயர்கள் இருந்திருக்காது என்பது என் உறுதியான நம்பிக்கை.

இந்த வருடம் இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி 'சொல்' என்பதைச் 'செரல்' என்று படிக்கிறாள். நாளை மதியம் அவளோடு உட்காரப்போகிறேன். மின்னட்டைகளை இப்போதுதான் எழுதி முடித்தேன்.