ஓட்டுப் போடாவிட்டால் 350 ரூபாய் பிடிப்பார்களா?

"ஓட்டுப் போடாதவர்களின் வங்கிக் கணக்கில் 350 ரூபாய் பிடிப்பார்கள், குஜராத்தில் ஏற்கெனவே நடக்கிறது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் சார். இரண்டும் சரியில்லை.

அந்த 350 ரூபாய், 2019 ஹோலிக்கு ஓர் இந்திப் பத்திரிகை கேலியாகப் போட்ட செய்தி. தேர்தல் வந்தாலே வாட்ஸ்அப்பில் அதற்கு உயிர் வந்துவிடுகிறது. ஓட்டுப் போடுவதைக் கட்டாயமாக்கி குஜராத்தில் சட்டம் போட்டது உண்மைதான், ஆனால் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும். 2014இல் ஆளுநர் ஒப்புதல் கொடுத்தார். 2015 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. அப்புறம், 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 79ஆம் பிரிவைப் பாருங்கள். தேர்தல் உரிமை என்பதற்கு அது தரும் விளக்கத்திலேயே வாக்களிக்காமல் இருப்பதும் அடக்கம்.

ஆஸ்திரேலியாவில் 1924 முதல் கட்டாயம், அபராதமும் உண்டு. இங்கேயும் அப்படி வேண்டும் என்று நீங்கள் வாதாடலாம், அது வேறு பேச்சு. எனக்கு உடன்பாடில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு ஓட்டு இன்னும் தருமபுரியிலோ வேலூரிலோதான். அன்றைக்கு ஓசூர் பஸ்ஸில் இடம் கிடைக்காதவரிடம் அபராதம் கேட்பதா? நிரந்தரமாகப் பெங்களூரிலேயே குடியிருப்பவர்கள், வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றுவதற்கான படிவம் 8 கொடுத்துப் பெயரை இந்தப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம், ஆன்லைனிலேயே முடியும்.