சீல் தனியா வராது சார்!

"சீல் மட்டும் தனியா வராது சார். அசெம்பிளியாத்தான் வரும்."

ஷோரூம் பார்ட்ஸ் கவுன்ட்டரில் இதை எவ்வளவு சாந்தமாகச் சொல்கிறார்கள் தெரியுமா? குரலில் பிசிறு கிடையாது. கண்ணைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுப்பது கிடையாது. நான் கேட்டது என் பைக்கின் வாட்டர் பம்பில் கசிவைத் தடுக்கும், உள்ளங்கைக்குள் ஒளிந்துவிடும் ஒரு வளையம். கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் கார்பன், ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். அது தேய்ந்துபோனதற்கு வாட்டர் பம்ப் மூடி, இம்பெல்லர், ஷாஃப்ட், பேரிங் என்று மொத்தக் குடும்பத்தையும் வாங்கிப் போக வேண்டுமாம். செருப்பு வார் அறுந்தால் காலையும் சேர்த்து மாற்றச் சொல்கிற நியாயம் இது.

இன்ஜினைக் கூலன்ட் என்ற திரவம் ஓடிக் குளிரவைக்கும் பழைய லிக்விட் கூல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மீதிக் கதை தெரியும். காலையில் வண்டிக்குக் கீழே அந்தப் பச்சைச் சொட்டு. முதல் நாள் மழைத் தண்ணி என்று மனதைத் தேற்றிக்கொள்வோம், சித்திரை வெயிலாக இருந்தாலும். அப்புறம் ரிசர்வ் டேங்கில் அளவு இறங்கும். அப்புறம் டிராஃபிக்கில் ஃபேன் நிற்காமல் ஓடும். அப்புறம்தான் சனியன் உட்கார்ந்துவிட்டது என்று ஒத்துக்கொள்வோம்.

சொட்டு ஒன்றுதான், அதற்கு டாக்டர்கள் எத்தனை பேர்! மாடி வீட்டு அங்கிள் ஆயுசு முழுக்க 100 சிசி ஏர் கூல் வண்டியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. அவர் வந்து, "ரேடியேட்டர்தான் தம்பி, சந்தேகமே இல்ல" என்று சொல்லிக்கொண்டே சூடான வண்டியின் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கிறார். பாய்ந்து பிடித்தேன். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. திறந்தால் அத்தனையும் ஒரே நொடியில் பொங்கி அவர் முகத்துக்குத்தான் போகும். காப்பாற்றியதற்கு நன்றி வேண்டாம், "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பெரியவங்க பேச்சு ஏறாது" என்ற சான்றிதழாவது தராமல் இருந்திருக்கலாம்.

தெருமுனை மெக்கானிக்கின் வைத்தியம் இன்னும் எளிது. "கூலன்ட்லாம் எதுக்கு தலைவா? தண்ணி ஊத்தி ஓட்டு." எங்கள் பகுதி போர் தண்ணியில் வாட்டர் ஹீட்டர் காயில் ஒரு வருடத்தில் சுண்ணாம்புக் கட்டியாகிறது. அதை அலுமினிய இன்ஜினுக்குள் ஓட விட வேண்டுமாம். பாதி எத்திலீன் கிளைக்கால், பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்ட் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. சரி, சென்னையில் அது தேவையில்லை. ஆனால் கொதிநிலையைத் தூக்குவதும், உள்ளே துரு, உப்பு பிடிக்காமல் காப்பதும் அதே திரவம்தானே? சொன்னேன். "யூடியூப் பாத்துட்டு வந்துட்டாங்கப்பா" என்று பக்கத்தில் நின்ற பையனிடம் சொல்லிவிட்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார்.

இன்னொரு மகான், சொட்டு விழும் ஓட்டையையே கண்டுபிடித்துவிட்டார். பம்புக்கு அடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. "இதோ பாரு, இங்க ஓட்டை விழுந்திருக்கு" என்று வெற்றிக் களிப்போடு, இரண்டு உருண்டையைப் பிசைந்து ஒட்டுவோமே, அந்தச் சமாச்சாரத்தைப் பிசைய ஆரம்பித்துவிட்டார். ஐயா சாமி, அது விழுந்த ஓட்டை இல்லை, கம்பெனியே போட்ட ஓட்டை! ஷாஃப்டில் இரண்டு சீல்கள் இருக்கின்றன. ஒன்று கூலன்ட்டைத் தடுக்க, இன்னொன்று இன்ஜின் ஆயிலைத் தடுக்க. நடுவில் இந்த ஓட்டை. எந்த சீல் போனாலும் அதன் வழியாக வெளியே சொட்டி நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். அதை அடைத்தால் கூலன்ட் ஆயில் சீலைத் தாண்டி உள்ளே போகும், ஆயில் வெளுத்துத் திரியும், பேரிங்கெல்லாம் போகும். அலாரம் அடிக்கிறது என்று மணியின் நாக்கைப் பிடுங்கப் பார்க்கிறார் மனுஷன்.

சரி, சொட்டு பச்சையாக இருக்கிறது, ஆயில் இல்லை, போனது கூலன்ட் பக்கத்து மெக்கானிக்கல் சீல்தான் என்று உறுதிசெய்துகொண்டு பார்ட்ஸ் கவுன்ட்டருக்குப் போனேன். இங்கேதான் என் ரத்தக் கொதிப்புக்கு மூடி கழன்றது.

முதலில் டோக்கன். என்னைத் தவிர அங்கே ஆளே இல்லை, இருந்தாலும் டோக்கன். என் நம்பர் வரும்வரை காத்திருந்தேன். வந்தது. "ஆர்.சி. இருக்கா சார்?" கொடுத்தேன். சேசிஸ் நம்பரைத் தட்டினார். "2011 மாடலா?" என்றார். ஐசியூவுக்கு வெளியே சொந்தக்காரர்கள் கேட்கும் தொனி. திரையில் பம்பின் படம் வந்தது. ஒவ்வொரு பாகமும் பிரித்துப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.

"இதோ இருக்கே, இதுதான் வேணும்."

"அது படத்துல இருக்கு சார். வராது."

"பார்ட் நம்பர் போட்டிருக்கே?"

"நம்பர் இருக்கும் சார்."

"விலைகூடப் போட்டிருக்கே?"

"விலையும் இருக்கும் சார்."

"அப்ப பொருள்?"

"அதான் சார், அசெம்பிளி."

நம்பர் உண்டு, விலை உண்டு, பொருள் மட்டும் இல்லை. சித்தர்கள் யாராவது இந்த கேட்டலாக்கை எழுதியிருப்பார்களோ என்னவோ. எனக்கு விளங்கவில்லை என்றதும் சீனியரைக் கூப்பிட்டார். சீனியர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து அதே நம்பரை அதே கீபோர்டில் அடித்தார். அதே பதில். இந்த முறை என்டரைக் கொஞ்சம் ஓங்கித் தட்டினார். அதே பதில். "சீல் தனியா வராது சார்" என்றார். அதற்குள் உள்ளேயிருந்து மூன்றாவதாக ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன, சீலா? அது தனியா வராதே" என்றார். ஆக மூன்று பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்.

"ஆர்டர் போட்டா வருமா?"

"போடலாம் சார். வராது."

"அப்புறம் எதுக்குப் போடணும்?"

"நீங்க கேட்டீங்களே சார். முழு அட்வான்ஸ் கட்டணும்."

"வராத பொருளுக்கா?"

"ஆர்டருக்கு சார்."

இந்த இடத்தில் நான் சுவரில் முட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் சுவர் முழுக்கப் புது வண்டி போஸ்டர். அதைப் பார்த்தேன் என்று எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். "இதுக்குப் போய்ச் செலவு பண்ணாதீங்க சார், எக்ஸ்சேஞ்ச் போட்டுடுங்க. ஆஃபர் ஓடுது." நான் ரப்பர் வளையம் வாங்க வந்தவன் ஐயா! வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டுவதற்குள் போன். "சார், ஃபீட்பேக் கால் வரும். பத்துக்குப் பத்து குடுத்துடுங்க. ஒன்பது குடுத்தாக்கூட எனக்குத் திட்டு விழும் சார்." வெறுங்கையோடு அனுப்பியதற்குப் பத்து. கொடுத்தேன், வேறென்ன செய்ய.

15 வருடத்துக்கு ஓட்டலாம் என்று ஆர்.சி.யில் பதிந்து கொடுக்கிறது அரசாங்கம். அதற்கு அப்புறமும் வண்டி தேறினால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழுவே போட்டது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு சாதனங்கள், வாகனங்கள் எல்லாம் அதில் உண்டு. டிசம்பரில் இணையதளமும் வந்தது. உரிமை இருக்கிறது. ரப்பர்தான் இல்லை.

கடைசியில் சென்னையில் வண்டி பார்ட்ஸ் விற்கும் ஜி.பி. ரோடு. பேரிங், ஆயில் சீல் விற்கும் ஒரு சந்துக் கடை. டோக்கன் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. பெரியவர் ஒருவர் பழைய சீலை வாங்கி, வெர்னியரை வைத்து அளந்து, பின்னாலிருந்த டிராயரை இழுத்து ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். எந்த வண்டி என்றுகூடக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். "வண்டி எதுவா இருந்தா என்னப்பா, ஓட்டை அளவுதானே?" என்றார். பரோட்டா, டீ சாப்பிடுகிற காசுக்குக் கிடைத்தது. சந்தோஷப்பட வேண்டும்தானே? எனக்கு இன்னும் கோபம் ஏறியது. 6201 என்று சொன்னால் உள்ளே 12, வெளியே 32, தடிமன் 10 மில்லிமீட்டர் என்று உலகத்தில் எந்தக் கடையிலும் பேரிங்கை எடுத்துக் கொடுப்பான். அந்த மாதிரி சீலுக்கும் அளவு உண்டு, ஆள் உண்டு, சரக்கு உண்டு. ஏசி போட்ட கவுன்ட்டரில் மட்டும் அது வராது.

கழற்றி மாட்டின கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் திரும்பவும் பிரஷர் ஏறும். யூடியூப்பில் இதைச் செய்து காட்டும் ஆசாமி, லிஃப்டில் நிற்கும் வண்டிக்கு முன்னால், வெள்ளை டி-ஷர்ட்டில், "இது 20 நிமிட வேலை" என்கிறான். அவன் ஊரில் ஸ்க்ரூக்கள் கழன்று வரும்போல. இங்கே ஜப்பான் அளவில் வெட்டிய ஸ்டார் ஸ்க்ரூ தலையில் நம்மூர் ஸ்க்ரூடிரைவரை வைத்தால் அது தலையை மழித்துவிட்டுத்தான் ஓயும். இம்பாக்ட் டிரைவரும் சுத்தியலும் இல்லாமல் ஒன்றுகூட அசையவில்லை. செல்போன் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, சீலின் முகத்தில் எண்ணெய் விரல் படாமல், கோணாமல் நேராக இறக்கி உட்கார வைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தெருநாய் கூலன்ட் தட்டை முகர வருகிறது. அது இனிக்கும், ஆனால் நாய்க்கும் பூனைக்கும் விஷம். தட்டைத் தூக்கி மொட்டை மாடிக்குப் போய் வைத்துவிட்டு வந்தால் அங்கிள் கீழே நிற்கிறார், "முடிஞ்சுதா தம்பி?" என்று. முடிந்தது அங்கிள். கூலன்ட் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, வண்டியைச் சூடாக்கி, ஆறவிட்டுப் பார்த்தாயிற்று. சொட்டு இல்லை. "அப்ப ரேடியேட்டர்தானா?" என்றார். ஆமாம் அங்கிள், ரேடியேட்டர்தான். நீங்கள் சொன்னது சொன்னபடி.

சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டேதான் கை கழுவப் போனேன். முழங்கைவரை கிரீஸ். சோப்புக்கு அது மசியாது என்று ஷாம்பூ சாஷே ஒன்றை எடுத்தேன். ஓரத்தில் சின்ன வெட்டு, பக்கத்தில் புள்ளிக்கோடு, 'இங்கே கிழிக்கவும்'. இழுத்தேன். வழுக்கியது. திருப்பிப் பிடித்து இழுத்தேன். வெட்டு இருந்த மூலை மட்டும் அழகாகத் தனியாக வந்தது, சாஷே அப்படியே இருக்கிறது. கடைசியில் பல்லால் கடித்தேன். பாதி வாய்க்குள், மீதி கண்ணாடியில். கேட்கிறேன், குளிக்கிற இடத்தில் பயன்படும் பொருளை ஈரக்கையில் கிழியாத கவரில் போட்டு, அதில் 'இங்கே' என்று கோடும் போட்டவர் யார்? வீட்டில் அவர் எதை வைத்துக் கிழிக்கிறார்? வரட்டும். ஈரக்கையோடு, என் முன்னால், ஒரே ஒரு சாஷே. கிழித்துக் காட்டட்டும்.